மும்பையிலிருந்து மலையில் ஓர் இரவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட், டோம்பிவிலி என்று எந்தப் பக்கம் நம்மவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், பந்தி முடிவதற்குள் யாராவது ஒருவர் "நீங்க மலையில டென்ட் போட்டுத் தங்குவீங்களாமே, எங்க பையன் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கான்" என்று ஆரம்பித்துவிடுவார். ஆள் மாறினாலும் கேள்விகள் அதேதான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருப்பதைவிட, மொத்தமாக எழுதிவைத்துவிட்டால் இரண்டு பேருக்கும் வேலை மிச்சம்.

மும்பைக்குப் பக்கத்தில் மலை எங்கே இருக்கிறது?

கல்யாண் தாண்டிக் கர்ஜத் போகிற லோக்கலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பாருங்கள், பத்லாபூருக்கு அப்புறம் இரண்டு பக்கமும் தெரியும். சஹ்யாத்ரி என்று இங்கே சொல்வது நம் மேற்குத் தொடர்ச்சி மலையைத்தான். ஆனால் நீலகிரி, கொடைக்கானல் போல இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பாறை இது. அதனால் மலையின் அமைப்பே படிக்கட்டு மாதிரி: செங்குத்தாக ஓர் ஏற்றம், பிறகு அகலமான சமதளம், மறுபடி செங்குத்துச் சுவர், உச்சியில் பெரும்பாலும் ஒரு கோட்டை. நடுவில் இருக்கும் அந்தச் சமதளத்துக்கு மாச்சி என்று பெயர். தண்ணீரும் வயலும் பத்து இருபது வீடுகளும் பல இடங்களில் அங்கேதான் இருக்கும்.

நான் யாருக்கும் முதலில் சொல்வது இதுதான்: மாச்சியில் தூங்குங்கள், விடிந்ததும் உச்சிக்குப் போய்விட்டு வாருங்கள். உச்சியில் தூங்கினால்தான் மலையில் தங்கிய கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே காற்று தூங்க விடாது, தண்ணீர் கிடையாது, ஏதாவது ஆகிவிட்டால் கூப்பிட ஆளும் கிடையாது.

முதல் தடவை போகிறோம். எந்த மலை நல்லது?

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எந்த ரயில் லைன் ஓடுகிறதோ அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

ஹார்பர் லைன்காரர்களுக்கு, அதாவது செம்பூர், மான்குர்த், வாஷி ஆட்களுக்கு, பன்வேல் வழியாகப் பிரபல்மாச்சி. பன்வேலில் இறங்கி டாகுர்வாடி வரை பஸ் அல்லது ஆட்டோ, அங்கிருந்து நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேர ஏற்றம். ஊர்க்காரர்களே வீட்டு முற்றத்தில் கூடாரம் போட இடம் தருவார்கள், சாப்பாடும் போடுவார்கள். ஒருபக்கம் பிரபல்கட் கோட்டை, இன்னொரு பக்கம் ஊசிபோல நிற்கும் கலாவந்தின் சிகரம். காலையில் கலாவந்தின் ஏறலாம். ஆனால் அந்தப் படிகள் பாறையில் வெட்டியவை, செங்குத்தானவை, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. மாடிப்படியில் இறங்கும்போதே தலை சுற்றுகிறவர்கள் கீழே உட்கார்ந்து டீ குடிக்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

சென்ட்ரல் லைன்காரர்களுக்கு ராஜ்மாச்சி. என்னைக் கேட்டால் முதல் தடவைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஸ்ரீவர்தன், மனரஞ்சன் என்று இரண்டு கோட்டைகள், அவற்றின் கீழே உதேவாடி என்ற சின்ன ஊர், பக்கத்திலேயே ஒரு குளம், குளத்தங்கரையில் பழைய சிவன் கோயில். கர்ஜத்தில் இறங்கிக் கோண்டிவடே போய், கொண்டானே குகைகள் வழியாக ஏறினால் மூன்று மணி நேரம் வியர்வை கொட்டும். லோனாவலா பக்கம் இருந்து வந்தால் சுமார் 15 கிலோமீட்டர், பெரும்பாலும் சமமான மண்பாதை. மழை நின்ற பிறகு ஜீப்பும் வரும். ஒரு வழியாக ஏறி இன்னொரு வழியாக இறங்கலாம் என்பது இதன் அழகு.

கசாரா பக்கம் போனால் கள்சுபாய். 1,646 மீட்டர், மகாராஷ்டிரத்திலேயே உயரமான சிகரம். வழியில் இரும்பு ஏணிகள், உச்சியில் அம்மன் கோயில். இதில் நள்ளிரவில் ஏற ஆரம்பித்துச் சூரிய உதயம் பார்ப்பது ஒரு மோகமாகிவிட்டது. சனிக்கிழமை இரவு ஏணிக்குக் கீழே வரிசை நிற்கிறது. அடிவாரத்துப் பாரி கிராமத்திலோ பண்டாரதரா ஏரிக்கரையிலோ நிம்மதியாகத் தூங்கிவிட்டு, காலை வெளிச்சம் வந்த பிறகு ஏறினால் ஏணியும் காலியாக இருக்கும், பள்ளத்தாக்கும் கண்ணுக்குத் தெரியும்.

ஹரிச்சந்திரகட் கோட்டை அடுத்த கட்டம். பாச்னை கிராமத்து வழி சுலபம். மற்ற வழிகள் நீளமானவை அல்லது ஆபத்தானவை, நளீச்சி வாட் என்பதைக் கயிறு பழகியவர்களுக்கு விட்டுவிடுங்கள். மேலே கேதாரேஸ்வரர் குகையில் பனிபோல் குளிர்ந்த தண்ணீருக்கு நடுவே லிங்கம், சுற்றி நான்கு தூண்களில் ஒன்றுதான் முழுசாக நிற்கிறது. கொங்கண் கடா என்ற, பாம்பு படமெடுத்ததுபோல் வளைந்த பாறை விளிம்புக்குப் போய் எட்டிப் பார்க்கும்போது குப்புறப் படுத்துக்கொண்டு பாருங்கள். கீழேயிருந்து மேல் நோக்கி அடிக்கிற காற்று அங்கே விசேஷம், ஒரு கை தண்ணீரை வீசினால் திரும்ப முகத்திலேயே வந்து தெளிக்கும்.

பாவ்னா ஏரிக்கரைக் கூடாரங்கள் எப்படி?

ஏரி அழகு. வார இறுதியில் ஸ்பீக்கர் சத்தம் அதைவிடப் பெரிது. பிறந்தநாள் கொண்டாட நல்ல இடம். மலை என்று கேட்டால், தூரத்தில் துங், திகோனா கோட்டை மலைகள் தெரியும்.

எந்த மாதத்தில் போகலாம்?

அக்டோபர் நடுவில் இருந்து பிப்ரவரி வரை. மும்பையில் மழை விலகும் வழக்கமான தேதி அக்டோபர் 8, அதற்குப் பிறகு ஒரு வாரம் தரை காய விடுங்கள். அக்டோபர், நவம்பரில் புல் பச்சையாக இருக்கும், ஓடைகளில் தண்ணீர் இருக்கும். டிசம்பர், ஜனவரியில் குளிர் உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும் என்ற கணக்குப்படி, கள்சுபாய் உச்சியில் மும்பையைவிடச் சுமார் பத்து டிகிரி குறைவு. அதோடு காற்றும் சேர்ந்தால் "பம்பாயில ஸ்வெட்டரா" என்று சிரித்துவிட்டு வந்தவர்கள் எல்லாரும் ஒரே போர்வைக்குள் போய்விடுவார்கள். மார்ச்சுக்கு மேல் பகல் வெயில் பாறையில் ஏறிக்கொள்ளும், கோட்டைகளில் பாறை குடைந்த தொட்டிகளும் வற்ற ஆரம்பிக்கும்.

மழைக்காலத்தில்தானே சஹ்யாத்ரி அழகு? அப்போது கூடாரம் போடக்கூடாதா?

அழகுதான். பகலில் போய்ப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்புங்கள், இரவு தங்க வேண்டுமென்றால் கூரை போட்ட வீட்டில் தங்குங்கள். 2023 ஜூலை 19 இரவு, கலாபூர் தாலுகாவில் இர்ஷால்வாடி என்ற மலைக்கிராமத்தின் மேல் சரிவு இடிந்து விழுந்து, தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் மண்ணுக்குள் போனார்கள். தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தவர்களுக்கே தெரியாமல் வந்தது அது. 2024 ஜூன் 30 அன்று லோனாவலா பூஷி அணைக்கு அருகே அருவியில் நின்ற ஒரே குடும்பத்தார் 5 பேரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மேலே எங்கோ பெய்த மழை கீழே வருவதற்குச் சில நிமிடங்கள் போதும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பல அருவிகளுக்கும் கோட்டைகளுக்கும் மாவட்ட நிர்வாகம் தடை போடுவது இதனால்தான்.

மின்மினிப் பூச்சி பார்க்க எப்போது போக வேண்டும்?

மே கடைசியில் இருந்து ஜூன் நடுப்பகுதி வரை, முதல் மழை தொடங்கும் நேரம். பண்டாரதரா, புருஷ்வாடி, ராஜ்மாச்சி மூன்றும் பேர்போனவை. மரம் முழுக்க ஒரே தாளத்தில் மின்னி அணையும். அந்தப் பூச்சிகள் ஒளியால்தான் ஜோடி தேடுகின்றன, அதனால் டார்ச், மொபைல் ஃபிளாஷ், கார் ஹெட்லைட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். சனி, ஞாயிறு வேண்டாம், முடிந்தால் நடுவாரத்தில் போங்கள்.

இவ்வளவு மூட்டையைத் தூக்கிக்கொண்டு லோக்கலில் ஏற முடியுமா?

நேரம் பார்த்து ஏறினால் முடியும். வெள்ளிக்கிழமை மாலை தாதரில் கர்ஜத் ஃபாஸ்ட்டில் முதுகுப்பையோடு ஏறப் பார்த்தால் டோம்பிவிலிக்காரர்கள் உங்களையும் பையையும் பிரித்துத் தனித்தனியாக இறக்கிவிடுவார்கள். சனிக்கிழமை விடிகாலை வண்டி பிடியுங்கள், கூட்டம் எதிர்த்திசையில் இருக்கும். இல்லையென்றால் நள்ளிரவு வாக்கில் கிளம்பும் கடைசிக் கர்ஜத், கசாரா வண்டிகள். அதில் கம்பளி சுற்றிக்கொண்டு தூங்குகிறவர்களில் பாதிப் பேர் உங்களைப் போலத்தான் மலைக்குப் போகிறவர்களாக இருப்பார்கள். பை முதுகில் இருக்கக்கூடாது, முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள் அல்லது ரேக்கில் ஏற்றுங்கள்.

லோக்கல் கர்ஜத், கோபோலியோடு முடிந்துவிடும். லோனாவலா போக எக்ஸ்பிரஸ்தான். கர்ஜத்தில் அந்த வண்டிகளுக்குப் பின்னால் கூடுதல் எஞ்சின்களை மாட்டுவார்கள், போர்காட் மலைப்பாதை ஏற்றத்தில் 37 அடிக்கு ஓர் அடி ஏற வேண்டும் என்பதால். அந்த இடைவெளியில் பிளாட்பாரத்தில் வடாபாவ் வாங்காமல் யாரும் ஊர் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

அடுப்பு கொண்டுபோய்ச் சமைக்கலாமா?

ரயிலில் போவதானால் முடியாது. எரிவாயு சிலிண்டர், மண்ணெண்ணெய், பெட்ரோல் எதையும் ரயிலில் கொண்டுபோவது சட்டப்படி குற்றம். கையளவு கேம்பிங் சிலிண்டரும் இதில் சேரும்.

அதனால் என்ன, சாப்பாட்டுக் கவலை நமக்குக் கிடையாது. ரயில் பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டிய பரம்பரை. முதல் நாள் மதியத்துக்கு மிளகாய்ப்பொடியில் நல்லெண்ணெய் குழைத்து இரண்டு பக்கமும் தடவிய இட்லி. ஆறிய பிறகு தடவி, வாழையிலையில் நெருக்கமாக அடுக்கிக் கட்டினால் ராத்திரி வரைக்கும் மெத்தென்று இருக்கும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் வியர்த்துக் கொழகொழத்துவிடும். மறுநாள் காலைக்குப் புளியோதரை. புளிக்காய்ச்சலை நன்றாக எண்ணெய் பிரிய வற்றவைத்து, சாதத்தை உதிரியாக ஆறவைத்துக் கலந்திருக்க வேண்டும். தயிர்சாதம் வேண்டாம், முதுகுப்பைச் சூட்டில் மாலைக்குள் புளித்துவிடும். தேங்காய்ச் சட்னி பேச்சே எடுக்காதீர்கள். கடலை மிட்டாய், பேரீச்சை, முறுக்கு பைக்குள் எங்கே இடமிருக்கிறதோ அங்கே.

இரவுச் சாப்பாட்டை மட்டும் கிராமத்து வீட்டில் சாப்பிடுங்கள். முதல் நாளே போன் செய்து எத்தனை பேர் என்று சொல்லிவிட வேண்டும், போனதும் அடுப்பு மூட்டச் சொன்னால் அவர்களுக்குக் கஷ்டம். விறகடுப்பில் தட்டிய அரிசிமாவு ரொட்டியான பாக்ரி, கடலைமாவில் கிண்டிய பிட்லா, பச்சை மிளகாயும் பூண்டும் இடித்த தேச்சா. பாக்ரியைச் சுடச்சுடத் தட்டில் போட்டுக்கொண்டே இருப்பார்கள், கணக்கு வைக்காமல் சாப்பிடலாம். சொன்ன காசைக் கொடுங்கள். கீழேயிருந்து அரிசி மூட்டையும் சிலிண்டரும் தலைச்சுமையாக வந்த இடத்தில் பேரம் பேசுவது நன்றாக இல்லை.

கூடாரம் வாங்கவா, வாடகைக்கு எடுக்கவா? வேறு என்ன வேண்டும்?

முதல் இரண்டு தடவை அங்கேயே வாடகைக்கு எடுங்கள். பிடித்துப்போனால் வாங்கலாம். வாங்கும்போது இரட்டை அடுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றைத் துணிக் கூடாரத்தில் நம் மூச்சே விடிகாலையில் துளித்துளியாகத் தலையில் சொட்டும். மூன்று பேர் கூடாரம் என்று எழுதியிருந்தால் இரண்டு பேரும் இரண்டு பைகளும் என்று படித்துக்கொள்ளுங்கள்.

தரைக்குப் போட ஒரு ஃபோம் விரிப்பு கட்டாயம், குளிர் மேலேயிருந்து வருவதைவிடக் கீழேயிருந்துதான் அதிகம் வரும். தலையில் மாட்டும் டார்ச், ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், மாற்று சாக்ஸ், காதை மூடும் குல்லாய். ஷூவின் அடிப்பாகம் தேய்ந்திருந்தால் புதுசு வாங்குங்கள். காய்ந்த புல்லும் பொடிக்கல்லும் கலந்த இறக்கத்தில் வழுக்காத மனிதர் கிடையாது. ஜீன்ஸ் வேண்டாம்.

கூடாரத்தை எந்த இடத்தில் அடிப்பது?

ஊர்க்காரர் கையைக் காட்டும் இடத்தில். ஏன் அங்கே என்று கேட்டால் சொல்வார்கள்: காற்று எந்தப் பக்கம், மாடு எந்த வழியாகப் போகும், எந்த மரத்தில் தேன்கூடு. ஓடைப் படுகை காய்ந்திருந்தாலும் அதில் படுக்காதீர்கள். பாறைச் சுவருக்கு நேர் கீழேயும் வேண்டாம், குரங்கு ஓடினாலே கல் உருளும். விளிம்பில் இருந்து நன்றாகத் தள்ளிப் போடுங்கள், நடுராத்திரி தூக்கக் கலக்கத்தில் எழுந்து வெளியே போகிற ஆள் யாராவது கூட்டத்தில் இருப்பார்.

இன்னொன்று: சஹ்யாத்ரியில் மண் மெல்லிசு. முளைக்கம்பியை இரண்டு விரல்கடை அடிப்பதற்குள் டங் என்று பாறை சொல்லிவிடும். மேலும் அடித்தால் கம்பிதான் வளையும். கயிற்றைப் பெரிய கல்லில் இரண்டு சுற்றுச் சுற்றி, அதன் மேல் இன்னொரு கல்லை வைத்துவிடுங்கள். காற்று வரும் பக்கத்துக்குக் கூடாரத்தின் குறுகிய பக்கத்தைக் காட்டினால் இரவெல்லாம் படபடவென்று அடிக்காது.

கேம்ப்ஃபயர் போட்டுப் பாடலாமா?

பாடலாம், மெதுவாக. நெருப்பு வேண்டாம். டிசம்பருக்குப் பிறகு புல் எல்லாம் காய்ந்த வைக்கோல், ஒரு பொறி போதும். பாறை இடுக்குகளில் மலைத்தேனீக்கள் கூடு கட்டியிருக்கும், புகையும் வாசனை சென்ட்டும் அவற்றுக்கு ஆகாது. கொட்ட ஆரம்பித்தால் ஓட இடம் இல்லாத விளிம்பில் நிற்பீர்கள். குளிருக்கு நெருப்பு வேண்டுமென்றால் வீட்டு முற்றத்தில் அவர்களே மூட்டும் அடுப்புக்கு அருகே போய் உட்காருங்கள்.

பாம்பு, சிறுத்தை பயம் உண்டா?

சிறுத்தை இந்த மலைகளில் உண்டு. கூட்டமாக இருக்கிற இடத்துக்கு அதுவாக வருவது அபூர்வம். குழந்தைகளை இருட்டில் தனியாக அனுப்பாதீர்கள், மிச்ச சாப்பாட்டை வெளியே போடாதீர்கள், அது நாயை இழுக்கும், நாய் சிறுத்தையை இழுக்கும். நிஜமான தொல்லை எலிதான். பிஸ்கட் பாக்கெட்டைக் கூடாரத்துக்குள் வைத்தால் துணியைக் கடித்துக்கொண்டு வரும். பகலில் குரங்கு.

பாம்புக்கு, இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காமலும், கல்லைப் புரட்டாமலும், ஷூவை உதறாமல் மாட்டாமலும் இருந்தால் பெரும்பாலும் போதும். கடித்தால் கட்டுப் போட்டு இறுக்குவது, கீறி ரத்தம் எடுப்பது எல்லாம் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்கி அரசு மருத்துவமனைக்குப் போங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் வேலை செய்யும்.

கழிப்பறை?

எல்லாருக்கும் இருக்கிற கேள்வி, கடைசியாகத்தான் கேட்பார்கள். மாச்சியில் தங்கினால் பெரும்பாலும் வீட்டுக் கழிப்பறை கிடைக்கும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பெண்கள் கூட வந்தால் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் இடத்தை முடிவு செய்யாதீர்கள். வெளியில்தான் போக வேண்டும் என்றால் தண்ணீர்த் தொட்டியில் இருந்து அறுபது எழுபது அடியெடுத்துத் தள்ளிப்போய், அரையடிக் குழி தோண்டி மூடுங்கள். டிஷ்யூ, நாப்கின் எல்லாம் தனிப் பையில் திரும்ப வீட்டுக்கு வர வேண்டும்.

வயதானவர்களையும் கூட்டிப்போக ஆசை.

மாதேரான் போங்கள். நேரலில் இருந்து 1907 முதல் ஓடும் பொம்மை ரயில், மேலே கார், பைக்குக்கு அனுமதி இல்லை, தங்க அறைகள் உண்டு. பெரியவர்கள் அறையில், பசங்கள் ஒரு நாள் மலைப்பாதையில். கூடாரமேதான் வேண்டும் என்றால் வண்டி வாசல் வரை போகும் பண்டாரதரா ஏரிக்கரை.

மராத்தி தெரியாது. மதராசி என்று ஏதாவது சொல்வார்களா?

மலையில் யாரும் சொல்வதில்லை. பெண்களை மாவ்ஷி, தாயீ என்றும், ஆண்களைக் காகா, தாதா என்றும் கூப்பிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள், மிச்சத்தை உடைந்த இந்தியில் சமாளிக்கலாம். பேச விஷயம் வேண்டுமானால் செஞ்சியைப் பற்றிச் சொல்லுங்கள். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளுக்கு யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம் என்ற தகுதி கொடுத்தபோது பட்டியலில் இருந்த 12 கோட்டைகளில் 11 இந்த மாநிலத்தவை, பன்னிரண்டாவது நம் விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. 1677இல் சிவாஜி பிடித்த கோட்டை. அந்தக் கோட்டை எங்கள் ஊர்ப் பக்கம் என்று சொன்னால் இன்னொரு பாக்ரி நிச்சயம்.

அனுமதி எதுவும் வாங்க வேண்டுமா?

கள்சுபாயும் ஹரிச்சந்திரகடும் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகின்றன, நுழைவுக் கட்டணம் உண்டு, மது கூடாது. லோஹகட் போலத் தொல்லியல் துறை பாதுகாக்கும் கோட்டைகளுக்குள் சூரியன் மறைந்த பிறகு இருக்க அனுமதி இல்லை. கீழே கிராமத்தில் தங்குவதற்கு அந்தத் தொல்லை கிடையாது. கிளம்பும் முன் அடிவாரத்து வீட்டுக்கு ஒரு போன் போட்டால் இந்த வாரம் எது திறந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

வழி தவறினாலோ அடிபட்டாலோ?

நின்ற இடத்திலேயே நில்லுங்கள். இருட்டில் இறங்க வழி தேடிப் போய்த்தான் பலர் பாறை விளிம்பில் மாட்டிக்கொள்கிறார்கள். சிக்னல் இருந்தால் 112, அப்புறம் தங்கப்போகிற வீட்டுக்காரருக்கு. லோனாவலாவின் சிவதுர்க் மித்ரா போன்ற தன்னார்வ மீட்புக் குழுக்கள் எத்தனையோ பேரை நடுராத்திரியில் தூக்கிக்கொண்டு வந்திருக்கின்றன. வரைபடத்தை மொபைலில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், போனை ஏரோபிளேன் மோடில் போட்டால் பேட்டரி மறுநாள் வரை தாங்கும்.

ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்?

காலை ஏழுக்குள் உச்சி, பத்துக்குள் திரும்பி வந்து போஹா என்கிற அவல் உப்புமா, டீ. பதினொன்றுக்கு இறங்க ஆரம்பித்தால் கர்ஜத்தில் மூன்று மணி வாக்கில் வண்டி பிடித்துவிடலாம். கர்ஜத்தில் இருந்தே புறப்படும் வண்டியாகப் பார்த்து ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். கசாராவில் வண்டிகள் குறைவு, ஒன்றை விட்டால் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும். பண்டாரதரா பக்கம் இருந்து வருகிற ஜீப்புகளும் ஆள் நிரம்பினால்தான் எடுப்பார்கள். அதனால் அந்தப் பக்கம் போகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிடுவது நல்லது.